வொலியூம் என்றால் சத்தம் அல்ல

என் உத்தியோகக் காலம் முழுவதும் கொண்டெய்னரோடுதான் கழிந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கிளியரிங் கந்தோரில் கிளாக்காக இருந்தேன். துறைமுகத்தில் வந்திறங்கும் இரும்புப் பெட்டிகளுக்கான பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்து, பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் கெஞ்சி, பெட்டியை வெளியே எடுப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற அன்று, இனி அந்தச் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை என்று பெரிய நிம்மதி. வெள்ளவத்தை பிளாட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் போகிறவனுக்குக் கொண்டெய்னர் எதற்கு? ஆனால் விட்டகுறை தொட்டகுறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

போன வருடம் என் மனைவியின் தொண்டையில் இருந்த ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டி ஆபத்தானதல்ல. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதோடு ஒட்டிக் கிடந்ததாம், காப்பாற்ற முடியவில்லை. இப்போது அவளிடம் இருப்பது வெறும் மூச்சுதான். பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் அவள். வகுப்பில் அதட்டினால் பக்கத்து வகுப்பும் அடங்கிவிடும் என்பார்கள். அந்தக் குரலுக்கு நானே பயந்திருக்கிறேன். அது போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது, இத்தனைக்கும் இரண்டே அறைதான்.

அந்தக் குரல் மிஞ்சியிருந்த இடம் ஒன்றே ஒன்று. மெல்பேர்னில் இருக்கும் மகளுக்கு அவள் வருடக்கணக்காகப் பேசி அனுப்பிய குரல் செய்திகள். மகளின் போன் எங்கோ டாக்ஸியில் தொலைந்துவிட்டதால், மனைவியின் பழைய போனில் மட்டும்தான் அவை இருந்தன. அந்தப் போனோ சாகக் கிடந்தது. கடல் உப்புக் காற்று அதன் சார்ஜ் துவாரத்தைத் தின்றுவிட்டது. வயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால் சார்ஜ் மட்டும் ஏறும், வேறொன்றும் போகாது, வராது. கொஞ்ச நேரம் பாவித்தால் தோசைக்கல் மாதிரிச் சுடும். இன்றோ நாளையோ கண்ணை மூடிவிடும், அதோடு அவளுடைய குரலும் போய்விடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவற்றைச் சேமித்து வைக்க இணையத்தில் கிளவுட் என்று இடம் வாங்கலாம்தான். மாதாமாதம் டொலரில் கேட்கிறார்கள், என் வங்கி அட்டையைப் பார்த்தால் அவர்களுக்குச் சிரிப்பு. மகளிடம் சொன்னேன். வீட்டிலேயே ஒரு கிளவுட் வைக்கலாம் என்றாள். பழைய லப்டொப் ஒன்று போதும், போனிலிருந்து வைஃபை வழியே தானாக வந்து சேருமாம். செய்முறை எழுதிய ஒரு பக்கத்தையும் அனுப்பினாள்.

"லேசான வேலையப்பா. எல்லாம் கொண்டெய்னருக்குள்ள வரும். உங்களுக்குத் தெரியாத கொண்டெய்னரா?" என்றாள்.

மென்பொருளை அடைத்து ஓட்டும் பெட்டிக்கும் அதே பெயராம். அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

திரை உடைந்த, பற்றரியும் செத்துப்போன லப்டொப்பை ரீவியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் வரி வரியாக அடிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஏற்காது, துறைமுகத்தில் இருந்த பழைய சுங்க ஐயா ஒருவரின் குணம். செய்முறையில் ஓரிடத்தில் வொலியூம் போடு என்று இருந்தது. இந்த லப்டொப்பின் ஸ்பீக்கரே பழுது, இதற்கு எதற்கு வொலியூம் என்று அந்த வரியைத் தாண்டிப் போனேன். அது இல்லாமலும் எல்லாம் ஓடியது. சோதனைக்கு மகளின் கல்யாணப் படங்களை ஏற்றினேன். அழகாக வந்து உட்கார்ந்தன. என் மனக்கணக்கு இதுதான்: சாமான் கொண்டெய்னருக்குள் போய்விட்டது, கதவை மூடி சீல் வைத்தாயிற்று, இனிக் கப்பல் கவிழ்ந்தால்தான் உண்டு.

அடுத்த கிழமை, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று திரையில் ஓர் அறிவிப்பு. பழைய கொண்டெய்னரை எறிந்துவிட்டுப் புதியதைப் போடு என்றது செய்முறை. போட்டேன். ஒரு படமும் இல்லை.

மகள் சிரித்துவிட்டுத்தான் விளக்கினாள். இந்த உலகத்தில் கொண்டெய்னர் எறிவதற்கென்றே செய்தது. உள்ளே இருப்பதெல்லாம் அதோடு போய்விடும். போகக்கூடாததை வெளியே ஓர் இடத்தில் வைக்க வேண்டும், அந்த இடத்துக்குத்தான் வொலியூம் என்று பெயர். வாழ்நாள் முழுவதும் பெட்டியை நம்பிப் பிழைத்தவனுக்கு இது அநியாயமாகத்தான் பட்டது. நல்ல காலம், படங்கள் போனில் இன்னும் இருந்தன. குரலை முதலில் ஏற்றி, ஏற்றியதைப் போனில் அழித்துமிருந்தால் அதுவும் போயிருக்கும். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன், இந்த முறை வொலியூமோடு. வீட்டில் அந்தச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு குரலை ஏற்றத் தொடங்கினேன். போன் சுடும்வரை சில செய்திகள் போகும், பிறகு ஆறவிட வேண்டும். ஆறட்டும் என்று விட்டு, திரும்பி வந்து பார்த்தால் லப்டொப் செத்துக் கிடக்கும். சுவரில் பிளக் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருக்கும். மனைவியின் வேலை. மின்வெட்டுக் காலத்திலும் இடி மழையிலும் பழகிய பழக்கம், எங்கள் பிளாட்டில் எல்லோருக்கும் உண்டு. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் எல்லாப் பிளக்கையும் நிறுத்திவிட்டுத்தான் பூட்டுவார்கள். திட்டவும் மனம் வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கரண்ட் வந்ததும் கொண்டெய்னர் தானாக எழும்பும்படி மகளிடம் கேட்டு ஒரு வரி சேர்த்தேன். சுவிட்சுக்கு மேலே நிறுத்தக்கூடாது என்று கடதாசி ஒட்டினேன். கடதாசி அப்படியே இருந்தது, சுவிட்சும் நின்றே இருந்தது. நான் களைத்துப்போனேன். அந்தக் களைப்பில் அவளோடு கதைப்பதும் குறைந்துவிட்டது. சமையலறையிலிருந்து அவள் ஏதாவது சொல்வது காற்றசைவு போலக் கேட்கும். என்ன என்று கேட்பேன், மறுபடியும் என்ன என்பேன், பிறகு ஓம் என்றுவிட்டுத் திரையைப் பார்ப்பேன்.

ஒரு பின்னேரம், வந்து சேர்ந்தவை சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் செய்தியில் கத்தரிக்காய் விலை. அடுத்ததில் சொதிக்குப் பால் விட்ட பிறகு கொதிக்க விடாதை பிள்ளை என்று மகளுக்கு ஓர் அதட்டல். பின்னால் கரையோர ரயில் ஊதிக்கொண்டு போகிறது. ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

சட்டென்று குரல் அறுந்தது. கண்ணைத் திறந்தால், அவள் சுவரோடு நிற்கிறாள். கை சுவிட்சில் இருந்தது. நான் பார்க்கப் பார்க்கத்தான் நிறுத்தியிருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றினேன். "ஏனப்பா நிப்பாட்டினனீர்? பழக்கத்தில செய்யிறீர் எண்டெல்லே நினைச்சன்."

அவள் கிட்ட வந்து, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"எத்தினை தரம் கூப்பிடுறது? செவிடன் காதில சங்கு ஊதலாம். எனக்கு ஊத மூச்சும் இல்லை. செத்தவளின்ர சாமான் சேர்க்கிற மாதிரி என்ர குரலைச் சேர்க்கிறியள். நான் இஞ்சதானே இருக்கிறன். இப்ப கதைக்கிறதும் நான்தானே."

வெட்கமாக இருந்தது, அதைவிட அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை நாளும் அவளுடைய குரலைக் காப்பாற்ற என்று அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். கிளவுட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சுவிட்சை அவளே திரும்பப் போட்டாள். லப்டொப்பின் சின்ன விளக்கு எரிந்தது.

"அது ஓடட்டும், பிள்ளைக்கு வேணும். ஃபேனை நிப்பாட்டுங்கோ."

மாசிமாத வெள்ளவத்தையில் பின்னேரம் ஃபேனை நிறுத்துவது சும்மா காரியமில்லை. நிறுத்தினேன். இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. ஜன்னலையும் சாத்தினேன், காலி வீதியின் இரைச்சல் வெளியே நின்றுகொண்டது. முதுகில் வேர்வை இறங்கத் தொடங்கியது. நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இப்போது நீர் சொல்லும் என்றேன்.

தேத்தண்ணி ஆறிப்போகுது என்பதைத்தான் அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.