திரும்பாதே, முதுகில் கிளிப் இருக்கிறது

துணிக்கடையில் பொய் சொல்லாமல் வேலை செய்யும் ஒரே ஆள் கண்ணாடிதான். அதனால்தான் அதைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

சாய்ந்த கண்ணாடி ஆளை உயரமாகவும் ஒல்லியாகவும் காட்டும். வருகிறவர்களில் பலருக்கு அதில் சந்தோஷம். என் போன்றவர்களுக்குத்தான் ஆபத்து. தோள், இடுப்பு, அதற்குக் கீழே என்று எங்கே அளந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு வரும் உடம்பு என்னுடையது. தமிழ்ப்பள்ளியில் 'அடிக்கோல்' என்றார்கள். இடைநிலைப்பள்ளியில் 'ரூலர்' என்றார்கள். கல்லூரித் தோழிகள் படித்தவர்கள் என்பதால் ஒன்றும் சொல்லாமல் பிறந்தநாளுக்கு பெல்ட் வாங்கித் தந்தார்கள். இதைப் படிக்கும்போது ஒருமுறை குனிந்து உங்களைப் பார்த்துக்கொண்டீர்கள் என்றால் நீங்களும் என் கட்சி. வாருங்கள், உட்காருங்கள்.

நேர்முகத் தேர்வு

கணக்கியல் படித்து முடித்து வீட்டில் இருந்த நேரம். புக்கிட் தெங்காவில் மாமா சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையில் எனக்கு ஓர் இடம் தயாராக இருப்பதாக அம்மா தினமும் நினைவூட்டுவார். அங்கே எல்லாரும் தலை முதல் கால் வரை ஒரே மாதிரி வெள்ளை அங்கி போட வேண்டும். என் உடம்புக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. ஆனால் எனக்குத் துணி பிடிக்கும். ஒரே சேலை ஒருத்தி தோளில் அருவியாகவும் இன்னொருத்தி தோளில் துவாலையாகவும் விழுவதை நாள் முழுக்க நின்று பார்ப்பேன். அதனால் பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லோகா அக்காவின் துணிக்கடைக் கதவில் 'ஆள் தேவை' என்று பார்த்ததும் உள்ளே போய்விட்டேன்.

"கஸ்டமர்கிட்ட நல்லாப் பேசுவியா?" என்று கேட்டார் லோகா அக்கா. நான் தலையை ஆட்டினேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் கிடந்த சேலையை எடுத்து என் தோளில் போட்டார். அது ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் நேராகத் தரைவரை இறங்கியது.

"சரியான ஹேங்கர் உடம்பு மா உனக்கு. தீபாவளி வரைக்கும் நில்லு. வாயும் திறந்துச்சுன்னா அப்புறம் பார்ப்போம் லா."

பொம்மையின் ரகசியம்

கடை வாசலில் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுவது என் முதல் வேலை. பொம்மை ஒல்லி, உடையோ பெரிய சைஸ். மிச்சத் துணியை எல்லாம் முதுகுப் பக்கம் இழுத்து, துணி காயப்போடும் கிளிப்பால் வரிசையாகக் கவ்வ வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் மகாராணி. பின்னால் போய்ப் பார்த்தால் அடுக்குமாடி வீட்டு பால்கனி.

இதில் நான் ஒன்று கவனித்தேன். கழுத்திலிருந்து முழங்கால்வரை கிளிப் போட்டால் பொம்மை குழாய் மாதிரி ஆகிவிடும். மார்புக்குச் சற்றுக் கீழே மட்டும் இறுக்கிவிட்டு, மற்றதை அப்படியே விட்டால், துணி அங்கிருந்து விரிந்து இறங்கும். பொம்மைக்கு இல்லாத இடுப்பு இருப்பதுபோல் தோன்றும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

ஒருநாள் பத்து காவான் என்ற ஊரில் இன்ஜினியராக இருக்கும் ஒரு பெண் வந்தார். என்னைப் போலவே நேர்கோடு. அவருடைய அக்கா கல்யாணத்துக்கு உடை வேண்டும். வாசல் பொம்மையின் பச்சை அனார்கலியைத்தான் கேட்டார். போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அனார்கலி ஜன்னல் திரை மாதிரி தொங்கியது. மார்புக்குக் கீழே தைத்துப் பிடித்தால் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சந்தேகத்தோடு வாசலுக்குப் போய், பொம்மையைச் சுற்றி வந்து, முதுகைப் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் எதுவும் வாங்கவில்லை.

"அவளுக்கே கிளிப் போட்டாத்தான் இடுப்பு வருது. எனக்கு எங்கேர்ந்து வரும், சிஸ்?"

இருமல்

மகளின் பட்டமளிப்பு விழாவுக்குச் சேலை வாங்க ஓர் அம்மா வந்தார். மகளும் நம் கட்சி. "லூசா எடு, அடுத்த வருஷம் சதை போட்டுரும்" என்று பெரிய அளவு பிளவுஸாகவே பொறுக்கிக்கொண்டிருந்தார். இதே வாக்கியத்தை என் அம்மாவும் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார். சதைதான் இன்னும் வந்து சேரவில்லை.

பெரிய சைஸ் நம்மைப் போன்றவர்களுக்குச் செய்யும் துரோகம் எனக்குத் தெரியும். நான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவள். தொளதொள குர்த்தா போட்ட நாளில் வழி நெடுக காற்று நிரம்பி நான் நல்ல பருமனாகத் தெரிவேன். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி மோட்டாரை நிறுத்தியதும் காற்று இறங்கி, பழைய ஆளாகிவிடுவேன். அதனால் துணிந்து ஒரு மெல்லிய பொன்னிற இடுப்புப் பட்டையை எடுத்து மகளிடம் நீட்டினேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வராமல் இருமல் மட்டும் வந்தது. மகள் புரிந்துகொண்டு சேலைமேல் கட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அம்மா பட்டையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடே கட்டல, அதுக்குள்ள கேட் போடுறியா?"

மகள் பட்டையைக் கழற்றவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கணவர்கள் உட்காரும் முக்காலி

எங்கள் கடையில் கணவர்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல் 'ஓகே லா'. அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி நேர்வெட்டு குர்த்தா போட்டு வந்து நின்றார். ஓகே லா. மேலிருந்து கீழே கோடு போட்ட பஞ்சாபி சூட். அது அவரை இன்னும் நீளமாக்கிக் கொடிக்கம்பமாகவே ஆக்கிவிட்டது. அதற்கும் ஓகே லா.

மனைவி கண் கலங்குகிற அளவுக்கு வந்துவிட்டார். நான் உடைமாற்றும் அறையின் திரை இடுக்கு வழியாக, பேசாமல், இடுப்பில் கொசுவம் வைத்த குட்டை டாப்ஸும் முழங்காலுக்குக் கீழே விரியும் ஷராராவும் நீட்டினேன். மேலே கொஞ்சம் விரிவு, கீழே கொஞ்சம் விரிவு, நடுவே தானாகவே ஒரு வளைவு. அவர் வெளியே வந்ததும் முக்காலிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கைப்பேசி மடியில் இறங்கியது.

"இவ்ளோ நேரம் வீட்டுத் தூணு. இப்பதான் கோயில் தூணு!"

உட்காராத சேலை

இப்படி வாய் திறக்காமலே கொஞ்சம் விற்க ஆரம்பித்திருந்தேன். அதனால் வந்த கர்வம் ஒரு டீச்சரிடம் உடைந்தது. மெலிந்த, உயரமான டீச்சர். தேவாலயத் திருவிழாவுக்குச் சேலை வேண்டும். உடம்போடு ஒட்டி வழியும் சேலை நம்மை ஈரத்துணி சுற்றிய கம்பாக்கிவிடும். விறைப்பான சேலை புசுபுசுவென்று நின்று உடம்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். நல்ல யோசனைதான். விறைப்பில் எது நல்ல விறைப்பு என்றுதான் எனக்கு அப்போது தெரியவில்லை. கடையிலேயே மிக மொடமொடப்பான டிஷ்யூ சேலையை எடுத்துக் கட்டிவிட்டேன். கண்ணாடி முன்னால் டீச்சர் மிக அழகாக இருந்தார். ஒத்திகை பார்க்கலாம் என்று முக்காலியில் உட்கார்ந்தார். கொசுவம் முன்னால் மேசை மாதிரி எழும்பி நின்றது.

"நான் உட்கார்ந்துட்டேன் மா. சேலை இன்னும் உட்காரல."

லைவ்

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் கடை கைப்பேசியில் நேரலை விற்பனை நடத்தும். உடைகளைப் போட்டு நிற்பது ஷாமினி. என்னோடு வேலை செய்பவள். நல்ல வளைவுகள் உள்ளவள். வாய் திறந்தால் பினாங்குப் பாலம் நீளத்துக்குப் பேசுவாள். தீபாவளிக்கு முந்தின கடைசி லைவ் அன்று அவளுக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். வீட்டில் படுத்துவிட்டாள். லோகா அக்கா கடையைச் சுற்றிப் பார்த்தார். பொம்மைகளைத் தவிர மிச்சம் இருந்தது நான்தான்.

எடுத்து வைத்த உடைகள் எல்லாம் ஷாமினியின் அளவு. லோகா அக்கா அந்தப் பச்சை அனார்கலியை எனக்கு மாட்டி, முதுகில் கிளிப்பாகக் கவ்வினார். நான் சொல்லாமலே கைகாட்டி, மார்புக்குக் கீழே மட்டும் போட வைத்தேன். "பேச வேணாம், நான் பேசிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு, திரும்பாதே" என்றார். இந்த லைவில் விற்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நான் எப்போது வருவேன் என்று புக்கிட் தெங்கா மாமா காலையிலும் அம்மாவிடம் கேட்டிருந்தார்; அந்தக் கதை ஷாமினி வாயால் கடை முழுக்கத் தெரியும்.

வட்ட விளக்கு எரிந்தது. கருத்துகள் வரத் தொடங்கின. 'ஷாமினி எங்கே?' 'இந்தத் தங்கச்சிக்குச் சாப்பாடு போடுங்க லா.' 'இது பொம்மையா ஆளா?' ஷாமினியே வீட்டிலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து, 'மூச்சு விடுடி, ஆளுன்னு நம்புவாங்க' என்று எழுதினாள். லோகா அக்கா வேகம் பிடித்துவிட்டார். துணியைப் புகழ்ந்தார், நிறத்தைப் புகழ்ந்தார். ஷாமினியை வைத்துப் பேசிப் பழகிய வாய். அந்த வேகத்திலேயே, "பின்கழுத்து வேலைப்பாடு பார்க்கணுமா? அதான் இதுல ஸ்பெஷல்! தனா, திரும்பு மா!" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். கண்ணால் கெஞ்சினேன். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். "அட, கூச்சப்படாதே, திரும்பு!" என்று தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டார்.

கிளிப்புகள் அவர் கண்ணில் பட்டது எனக்கும் கேட்டது. "அலாமாக்" என்று மலாயில் பதறிய மெல்லிய ஒரு குரல். என் முதுகில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கிளிப்புகள். அதைப் பார்த்துக்கொண்டு ஊர்.

அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. எனக்கு முன்னால் வெறும் சுவர். விளக்கு இல்லை, கேமரா இல்லை, ஒரு முகமும் இல்லை. சுவரைப் பார்த்தால் எனக்குக் கூச்சம் வருவதில்லை என்பது அதுவரை எனக்கே தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"கிளிப் தெரியுதுல்ல? என்னை மாதிரி மேலேர்ந்து கீழே ஒரே அளவா இருக்கிறவங்களுக்கு இது தொளதொளன்னுதான் இருக்கும். அதனால பெரிய சைஸ் எடுத்து ஒளிஞ்சுக்காதீங்க. இந்தக் கிளிப் இருக்கிற இடத்துல மட்டும் தையல் போடுங்க. கீழே தொடாதீங்க, அது விரியட்டும். இடுப்பு நமக்கு இல்லைன்னா பரவாயில்ல, துணிக்கு இருந்தாப் போதும்."

இன்னும் பேசினேன். கோடு போட்டது, கொசுவம் வைத்தது, இடுப்புப் பட்டை, உட்காராத சேலை, எல்லாவற்றையும் சுவரிடம் சொல்லி முடித்தேன். இவ்வளவு நாள் இருமலாக வந்ததெல்லாம் சொற்களாக வந்தன. நான் மூச்சு வாங்கியபோது லோகா அக்கா கைப்பேசியை எடுத்து, கருத்துகளை உரக்கப் படிக்கத் தொடங்கினார். 'நானும் நேர்கோடுதான்.' 'கிளிப் போட்ட மாதிரியே தைச்சுத் தருவீங்களா?' 'அந்தத் தங்கச்சியைத் திருப்பாதீங்க, பேசட்டும்.' கடைசியாக ஒன்றைப் படிக்கும்போது அவர் குரலே சிரித்தது. எழுதியவர் அந்த பத்து காவான் இன்ஜினியர்.

"அன்னிக்குப் பார்த்த பொம்மைக்கும் முதுகுல கிளிப்தான். ஆனா இந்தப் பொம்மை உண்மையைச் சொல்லுது. பச்சை எனக்கு எடுத்து வைங்க, சிஸ்."

தீபாவளிக்கு மறுநாளுக்கு மறுநாள்

மேல்மாடியில் எங்களுக்குத் தைத்துத் தரும் ஸ்டெல்லா அக்கா தீபாவளிக்கு முந்தின நாள் வரை என்னைப் பார்த்தாலே ஊசியைக் காட்டி மிரட்டினார். வந்த பச்சை, நீலம், ஊதா எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் தையல். "உன் முதுகைப் பார்த்து ஊரே இடுப்பு கேக்குது" என்பார்.

விடுமுறை முடிந்து கடை திறந்த காலை. தீபாவளி வரைக்கும்தான் நிற்கச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி முடிந்துவிட்டது. நான் வேலைக்கு வந்திருக்கிறேனா, சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல், பொம்மைக்கு உடை மாட்டிக்கொண்டிருந்தேன். கண் சரியாகி வந்த ஷாமினி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். லோகா அக்கா வந்தார். பொம்மையைச் சுற்றி நடந்து, அதன் முதுகைப் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை லைவ்ல ஷாமினி முன்னாடி பார்த்து நிக்கட்டும், நீ பின்னாடி பார்த்துப் பேசு. உங்க மாமாகிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிரு லா."

நேரான உடம்புக்கு எந்த உடை எடுப்பாக இருக்கும் என்று யார் கேட்டாலும் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது, அதைச் சொல்வதற்கு முன் அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க மட்டும் என்னை அனுமதிக்க வேண்டும்.