ஹாஜிராவின் பதினாலு கிலோ

இந்த ஊரில் ஒற்றை எலுமிச்சம்பழத்தைக்கூட எடைபோட்டு, ஸ்டிக்கர் ஒட்டித்தான் வாங்குவார்கள். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பகுதியில் ஏழு வருடமாக அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிறவன் நான். வந்த புதிதில், தக்காளி வாங்கிய ஓர் எகிப்திய அம்மாவின் பையில், எங்கள் ஊர் வலங்கைமான் கடைப் பழக்கத்தில், ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அந்த அம்மா மேனேஜரோடு வந்து நின்றார். தக்காளியில் ஏதோ குப்பை கலந்திருக்கிறதாம். “ஃப்ரீ மேடம், ஃப்ரீ” என்று பல்லைக் காட்டினேன். குப்பைக்குக் காசு வேறு கேட்பாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து கிராம் சுத்தமாக நிறுக்கிறேன். எடை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கொரு கர்வமும் வந்துவிட்டது.

அந்தக் கர்வத்தோடுதான் போன விடுமுறையின் கடைசி மாலையில், எங்கள் தெரு நெல் வியாபாரியிடம் தராசை இரவல் வாங்கிவந்து பெட்டி கட்டினேன். விமானத்தில் முப்பது கிலோதான் விடுவார்கள். ஊறுகாய், வெங்காய வடகம், குழம்புத்தூள், போதாததற்கு என் அறைத்தோழன் மன்னார்குடி செல்வத்துக்கு அவன் அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பா. எடுத்தும் வைத்தும் சரியாக முப்பதில் நிறுத்தினேன். என் மகள் ஹாஜிராவுக்கு நாலு வயது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தா, நானும் ஏறவா?”

ஏறினாள். பதினாலு கிலோ.

“என்னையும் கூட்டிட்டுப் போங்கத்தா.”

“முப்பது கிலோதாம்மா விடுவாங்க. நீ வரணும்னா பெட்டியில பாதிய வெளிய எடுத்து வைக்கணும்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, பெட்டியையே உற்றுப் பார்த்தாள். பிள்ளைகள் எதையாவது உற்றுப் பார்த்தால் உஷாராகிவிட வேண்டும் என்பது வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் அப்பனாக இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

வெளிநாடு போகிற எங்கள் ஊர் அப்பன்மார்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அழும், நாமும் அழுது தொலைப்போம் என்ற பயம். நாளை மறுநாள்தான் பயணம் என்று ஹாஜிராவிடம் பொய் சொல்லியிருந்தோம். காலையில் அவள் பால்வாடிக்குப் போனதும், மேலே விரித்திருந்த கைலிகளை மட்டும் பார்த்துவிட்டு அவசரமாகப் பெட்டிக்குக் கயிறு கட்டினேன். மச்சான் தூக்கிக் காரில் வைத்தான். திருச்சி விமான நிலையத்தில் கவுண்டர் பெண், “இருபத்தொண்ணுதான் சார் இருக்கு” என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கேயே நின்று நெல் வியாபாரிக்குப் போன் போட்டேன். “ஒன்பது கிலோ கூடக் காட்டுதுங்க உங்க தராசு!” அவர் மறுமுனையில் பதறிப்போனார். “ஐயையோ, அப்படின்னா நெல்லு வாங்கினதுல நான்ல ஏமாந்திருக்கேன்!”

ஷார்ஜா அறையில் பெட்டியைப் பிரித்தபோது செல்வம் முறுக்குக்காகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். கைலிகளுக்கு அடியில் மஞ்சள் கவுன் ஒன்று வந்தது. பிறகு ஒரு சின்ன டூத் பிரஷ், பால்வாடித் தட்டு.

“எங்கம்மாவா இதெல்லாம் குடுத்துவிட்டாங்க?” என்றான் செல்வம். அறையில் ஆறு பேரும் சிரித்தோம். அடுத்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்தது, என் கையளவுகூட இல்லை. அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி ரஹ்மத் எடுத்தாள்.

“ஊறுகா, முறுக்கு எல்லாம் கட்டிலுக்கு அடியில கெடக்குதுங்க. நீங்க போனதுக்கு அவ அழவே இல்ல. பால்வாடிலேருந்து வந்தா, பெட்டி இருந்த எடத்துல போயி உக்காந்துட்டா.”

பிறகு ஹாஜிரா பேசினாள். “அத்தா, நான் இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கணுமா?”

வாழ்க்கையில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. ஒன்பது கிலோவைத் தனியாக இறக்கியிருக்கிறாள். அவள் எடைக்கு இன்னும் ஐந்துதான் பாக்கி. “நீ சரியாத்தாம்மா எடுத்த. அத்தாதான் தப்பு பண்ணிட்டேன்” என்றேன். அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் செல்வம் ஊருக்குக் கிளம்பினான். அவனிடம் செருப்பைக் கொடுத்துவிடவா என்று போனில் கேட்டதற்கு ஹாஜிரா ஒத்துக்கொள்ளவே இல்லை. “அங்கேயே இருக்கட்டும். நான் வந்தா போட்டுக்கணும்ல?” என்றாள். அதனால் அது இங்கே எங்கள் வாசலில், ஆறு ஆண்களின் செருப்புகளுக்கு நடுவில் கிடக்கிறது.

போன வாரம் கட்டடத்தின் காவலாளி, ஒரு பட்டாணியர், அதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். இது பேச்சலர்கள் கட்டடம், குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார்.

“பேபி எங்கே?” என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவார்.

“வரும்” என்றேன்.