ஏட்டம்மாவின் ஓய்வு நாள்

தெருமுனை வந்ததும் ஏட்டம்மா ஸ்கூட்டரை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். சீருடைக்கு மேல் ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, உறவுக்காரிபோல நடந்துபோய்க் கதவைத் தட்டினார். வேலைக்கு மனுப் போட்டவர்கள்மீது வழக்கு ஏதும் உண்டா என்று வீடு தேடி விசாரிப்பது அவர் பொறுப்பு. "போலீஸ் நுழைஞ்ச வீடுன்னா ஊர் வாய் சும்மா இருக்குமா? வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி பேரு கெட்டுடும்" என்பார்.

அன்று கதவைத் திறந்தவர் ஒரு வேன் டிரைவர். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கையருகே வந்துவிட்டது. காவல்துறைச் சான்று மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தும், "வரும்போது வரும்" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை. பள்ளியிலோ, திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏட்டம்மா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உன் பேரு, அப்பா பேரு, வயசு எல்லாம் ஒத்துப்போற ஒருத்தன் மலைப்பக்கம் இருக்கான். லாரியால ஒரு ஆளை அடிச்சுப் போட்டுட்டு ஓடிப் பிடிபட்டவன், இப்ப ஜாமீன்ல இருக்கான். கம்ப்யூட்டர் உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிருச்சு."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த டிரைவரின் மனைவி கேட்டாள். "அது இவர் இல்லைன்னு எழுதி அனுப்பிடுங்களேன், அக்கா."

"பார்க்காம எப்படிம்மா எழுதுவேன்? நாளைக்கு இவரை நம்பிச் சின்னப் பிள்ளைங்க ஏறுமே. போட்டோ அனுப்பச் சொல்லி அந்த ஸ்டேஷனுக்கு எழுதி எழுதிப் பார்த்துட்டேன். பதிலே காணோம்."

டிரைவரின் முகத்தை மனப்பாடம் செய்வதுபோல் பார்த்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதோடு அந்த வேலையைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான் என்று டிரைவர் முடிவுகட்டினார்.

திங்கட்கிழமை காலை பள்ளியிலிருந்து போன் வந்தது. சான்று வந்துவிட்டதாம், மறுநாளே வேலைக்கு வரலாமாம். நம்ப முடியாமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். எழுத்தர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"நேத்து ஏட்டம்மாவுக்கு லீவுய்யா. பஸ் மாத்தி மாத்தி மலைக்குப் போயிருக்காங்க. கடைசி ஊருக்கு பஸ் இல்லை, மழையில நடை. அந்த ஆளை நேர்ல பார்த்து, அந்த ஊர் இன்ஸ்பெக்டர் கையெழுத்தோட வந்திருக்காங்க. ஏன் இந்தப் பாடுன்னு கேட்டா, 'கடுதாசிக்குக் கால் இல்லையே, எனக்கு இருக்கே'ங்கறாங்க."

கூடப்பிறந்த அண்ணன்கூட டிரைவருக்காக அடுத்த தெருவரை நடந்ததில்லை. மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தார். ஏட்டம்மா அடுத்த மனுவில் ஆழ்ந்திருந்தார். மேசைக்கடியில் ஒரு பேசினில் அவர் கால்கள் வீங்கி, கொப்புளம் கண்டு, வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தன. யாரென்று தெரியாத ஒருவனுக்காக மலையேறிய கால்கள். டிரைவர் கைகூப்பினார்.

நிழல் தட்டியதும் நிமிர்ந்த ஏட்டம்மா, பேசினைக் கால்களாலேயே மேசைக்கடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.