அக்கா அடித்த பாம்பும் நான் அடிக்காத பாம்பும்

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, தனியாக, ஜோர்ஜியன் குடாக் கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்துக்கு அக்காவோடு போனேன். அதன் பிறகு அக்கா என்னோடு கதைப்பதில்லை. பிறகேன் திரும்பப் போனாய் என்று கேட்டால், அவள் கடைசியாக என்னோடு சிரித்தது அங்கேதான். வேறு சாட்டு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பூங்காவின் பெயரை இந்த முறை சொல்லப்போவதில்லை. பயணப் பதிவு எழுதிக்கொண்டு இடத்தின் பெயரை மறைப்பது அழகில்லைதான். ஆனால் அங்கே வாலில் கிலுகிலுப்பை உள்ள விசப்பாம்பு இருக்கிறது. பிடித்துக்கொண்டு போகவும் ஆட்கள் வருவார்களாம், பாம்பு கண்ட இடத்தை இணையத்தில் போடாதீர்கள் என்று அங்கே வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். இன்னொரு காரணம் கீழே வருகிறது. பரி சவுண்டில் இருந்து அரை மணி நேரம் என்பதோடு விடுகிறேன்.

மில்லிக்கனில் காலை 6:10க்கு வெளிக்கிட்டேன். வீட்டு வாசலில் இருந்து 268 கிலோமீற்றர். 407 நெடுஞ்சாலை எடுத்து மேற்கே போய் 400இல் ஏறுவதுதான் சுருக்கமான வழி, அதற்குக் கட்டணம் உண்டு. நான் 404இல் வடக்கே போய்ப் பிறகு மேற்கே வெட்டினேன். கட்டணத்துக்குப் பயந்து அல்ல. அந்த வழியில்தான் ஸ்ரௌவ்வில் ஊருக்குப் போகும் வெளியேற்றம் வரும். அதில் இறங்கினால் அக்காவின் புது வீடு பன்னிரண்டு நிமிடம். வேகத்தைக் குறைத்தேன், பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான், நேரே போய்விட்டேன்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என்னைவிட எட்டு வயது மூப்பு. மூன்று வருடத்துக்கு முன் வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, வேட்டைத் துவக்குக்கு லைசென்ஸ் எடுத்தவள். எங்கள் சனத்தில் அன்ரிமார் யோகா வகுப்புக்குப் போவார்கள், இவள் இதற்குப் போனாள். ஏனடி என்று கேட்டேன்.

"எந்த நாளும் துவக்கு மற்றாக்களின்ர கையிலதான் இருந்தது. நாங்கள் முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நிண்டனாங்கள். ஒருக்கா என்ர கையிலயும் இருக்கட்டுமன்."

லைசென்ஸ் வந்த கையோடு ஒரு துவக்கும் வாங்கினாள்.

அந்தத் துவக்கைத்தான் கரடிக்கென்று கூடாரத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பூங்காவுக்குள் விடமாட்டார்கள், வைத்திருந்தால் நான் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வீட்டில் வைக்கப்பண்ணினேன். முதல் நாள் முழுக்கக் கனூப் படகில் சுற்றினோம். அவள் துடுப்பைப் பிடித்த விதத்தைப் பார்த்து நான் சிரிக்க, அவளும் சிரித்துச் சிரித்துக் கனூவைக் கவிழ்க்கப் பார்த்தாள்.

மறுநாள் காலை என் கதிரைக்குப் பக்கத்தில், சருகுக்குள் ஏதோ கிலுங்கியது. நான் எழும்பமுதல் அக்கா துடுப்போடு நின்றாள். பாம்புக்கு மூன்று அடி. எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏன் அடிச்சனி? அது தன்ரபாட்டில கிடந்தது" என்றேன்.

"துவக்கைக் கொண்டுவர விட்டிருந்தா ஒரு வெடியோட முடிஞ்சிருக்கும். பாவம், மூண்டு அடி வாங்கினது."

"எதையாவது கொல்லாட்டி உனக்கு நித்திரை வராதோ?"

அக்கா துடுப்பை மெல்லக் கீழே வைத்தாள். "அண்டைக்கு நான் அடிச்சபடியாத்தான் இண்டைக்கு நீ நிண்டு வாய் காட்டுறாய்" என்றாள்.

அன்றைக்கு என்றது, இடம்பெயர்ந்து வன்னியில் தறப்பாள் கொட்டிலில் கிடந்த காலம். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினைந்து. என் பாயில் ஏறிய புடையன் பாம்பை விறகுக்கட்டையால் அடித்துக் கொன்றது அவள்தான். கடித்திருந்தால் கொண்டுபோக வாகனமும் இல்லை, போய்ச்சேர மருந்துள்ள ஆஸ்பத்திரியும் இல்லை. இது எனக்குத் தெரியாத கதை இல்லை. தெரிந்துகொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அவளுடைய வான் வண்டியில்தான் திரும்பினோம். வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தி, எனக்குப் பிடித்தமாதிரிப் பால் கூட விட்ட தேத்தண்ணி வாங்கி, எதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் வைத்தாள். நான் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் சும்மா இருந்தேனா? தேடிப் பார்த்து, அடிபட்டது விசமில்லாத நரிப்பாம்பு என்றும், வாலைச் சருகில் அடித்து விசப்பாம்பு மாதிரிச் சத்தம் போடும் என்றும் படத்தோடு அவளுக்கு அனுப்பினேன். பூங்காவுக்குள் பாம்பைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்து அனுப்பினேன். (பூங்காவின் பெயரை மறைக்கும் மற்றக் காரணம் இதுதான்.) இரண்டு நீலச் சரி விழுந்தது. அவ்வளவுதான்.

இந்த முறைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை 7:30. தண்ணீர்க் குழாயில் போத்தலை நிரப்பிக்கொண்டு பாறை வழியே வந்தேன். காய்ந்த பயற்று நெற்றை ஆட்டினமாதிரி ஒரு சத்தம். இரண்டடி முன்னால், கை நீளப் பாம்பு, சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டு, சுருண்டு தலையைத் தூக்கி வைத்திருந்தது. இது மெய்யான கிலுகிலுப்பை. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். அசையாமல் நின்று, எங்கே கிடக்கிறது என்று பார்த்து, மெல்லப் பின்னால் போகவேண்டும். இதே இணையத்தளத்தில் பெரிய மனுசி மாதிரி எழுதியும் இருக்கிறேன்.

நான் செய்தது, காடு அதிர "அக்கா!" என்று கத்தியதுதான். கத்தி முடிந்தபோது என் வலது கையில் ஒரு விறகுக்கட்டை இருந்தது. எப்போது குனிந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

கட்டையைப் பிடித்தபடியே பின்னால் போனேன். பாம்பு அடிவாங்கவில்லை. ஆனால் அடித்திருப்பேன், இன்னும் ஒரு அடி கிட்டக் கிடந்திருந்தால் அடித்திருப்பேன். பக்கத்துக் கூடாரத்தார் சொல்லி, இருபது நிமிடத்தில் பூங்காவில் வேலை செய்யும் ஒரு பெண் நீளக் குறடோடும் மூடி போட்ட வாளியோடும் வந்தார். பாம்பை அலுங்காமல் எடுத்து உள்ளே விட்டார். தூரக் கொண்டுபோய் விட்டால் குளிர்காலப் பொந்தைத் தேடிப்பிடிக்க ஏலாமல் செத்துவிடுமாம், கிட்டடியிலேயே விடுவார்களாம்.

போகமுதல் ஆங்கிலத்தில் கேட்டார், "நீங்கள் யாரையோ கூப்பிட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள். அந்த ஆள் வந்துவிட்டாரா?"

"இன்னும் வரவில்லை" என்றேன்.

"வந்தால் அவரிடமும் சொல்லுங்கள், பாம்பு போய்விட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று."

அவர் போனபின் கதிரையில் இருந்து நல்லாக அழுதேன்.

போக இருப்பவர்களுக்கு: கூடாரமடிக்கும் இடம் ஒரு இரவுக்கு 54 டொலர், பரி சவுண்டில் வாடகைக்குக் கனூ எடுத்து ஏற்றிப்போனால் ஒரு நாளைக்கு 60, பெற்றோல் போய்வர 71. கணுக்கால் மூடும் சப்பாத்துப் போடுங்கள். விறகு பொறுக்கும்போது பார்த்துக் கை வையுங்கள். கரடிக்குச் சாப்பாட்டைக் காருக்குள் பூட்டிவிட்டு, கதைத்துக்கொண்டு நடந்தால் போதும். துவக்கு வேண்டாம் என்ற என் எண்ணம் மாறவில்லை. கையில் இருந்தால் அன்று காலை நான் சுட்டிருப்பேன், அது போதும் காரணம். பாம்பை அடிக்கவேண்டாம் என்பதும் மாறவில்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லலாம், விசமுறி மருந்துள்ள ஆஸ்பத்திரி அரை மணி நேரத்தில் இருக்கிறது. வன்னியில் அந்த வசதி இல்லாதபடியால் எனக்காக ஒருத்தி கொன்றாள். அவளுக்கு நான் படம் அனுப்பிப் பாடம் எடுத்திருக்கக்கூடாது.

தனியாகப் போகவேண்டாம் என்பது கடைசிப் புத்திமதி. செப்டெம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு அதே இடத்தை இரண்டு பேருக்கு எடுத்து வைத்திருக்கிறேன். என் காரில் கனூ ஏற்ற ஏலாது, அவளுடைய வான் வேண்டும்.

அக்கா, பாம்பு போட்டுது. பயப்பட ஒண்டுமில்லையாம். வழியில தேத்தண்ணி நான் வாங்கித் தாறன். நீ குடிக்காட்டியும் பரவாயில்லை, வா.