வட்ட மேசையில் எட்டாவது ஆள்

பினாங்கில் நான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், கணக்கில் பைத்தியம் பிடித்த ஏழு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடினோம். பொருள்களை எத்தனை விதமாக அடுக்கலாம், எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்று ஆராயும் கணக்குதான் அன்றைய பொருள். தபால் கப்பலில் வரும் சஞ்சிகைகளில் இதைப் பற்றிப் புதிதாகக் கண்டதை ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் சொல்வதென்று ஏற்பாடு.

கூட்டத்தைக் கூட்டியவர் அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியர். எங்கள் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். சாப்பாட்டையும் அவர் கணக்காகவே ஆக்கிவிட்டார். சீன விருந்துக்காரர் ஒருவரிடம் பெரிய வட்ட மேசையை வாடகைக்கு எடுத்து, சுற்றிலும் ஏழு நாற்காலி போட்டிருந்தார். காலைப் பசியாறல், மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர் என்று மூன்று முறை உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் இடம் மாறும். நாள் முடிவதற்குள் ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேருக்கும் பக்கத்தில் சரியாக ஒரே தடவை உட்கார்ந்திருப்போம். மூன்று வட்டங்களைக் கரும்பலகையில் வரைந்து எங்கள் பெயர்களையும் எழுதி வைத்திருந்தார்.

நான் உள்ளே போனதும் தேடியது ஒரு பெயரைத்தான். அந்த ஏழு பேரில் ஒருவன் ஒரு வருஷமாக என்னோடு பேசாதவன். கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை. சூலியா தெருவில் ஒரு மாடி அறையில் ஆறு வருஷம் இருவரும் ஒன்றாகக் குடியிருந்தோம். தனக்குக் கல்யாணம் நிச்சயமானதை அவன் என்னிடம் சொல்லவில்லை. சலவைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கோபத்தில் நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. இப்போது அவனுக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்திருந்தது. அந்த வாரமே ஊரைவிட்டுப் போகிறான்.

மாஸ்டரின் வட்டங்களின்படி மாலைத் தேநீரின்போது நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கம். அவன் பேசாவிட்டாலும் நான் பேசிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்திருந்த விவசாய இலாகா குமாஸ்தா முதலில் பேசினார். வயலைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஐந்து வகை உரத்தை ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தடவை, மேலிருந்து கீழாகவும் ஒரு தடவை வரும்படி போட்டுப் பார்க்கும் புது முறையை விளக்கினார்.

"நெல்லுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியுமா அண்ணே?" என்று யாரோ கேட்டார்.

"நெல்லுக்குப் புரிஞ்சிருச்சு லா. எங்க தொரைக்குத்தான் இன்னும் புரியல."

சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்திருந்த என் நண்பன் தேசப்படங்களைப் பற்றிப் பேசினான். அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறமாகாமல் வண்ணம் தீட்ட ஐந்து நிறம் போதும் என்று நிரூபித்துவிட்டார்கள். நான்கு போதுமா என்பது இன்னும் தீரவில்லை. துடைப்பான் கையிலேயே இருக்க, பழையபடி சட்டைக் கையால் பலகையைத் துடைத்தான். எல்லாரையும் பார்த்துப் பேசினான், என்னைத் தவிர.

மதியம் கப்பித்தான் பள்ளிவாசல் பக்கமிருந்து நாசி கண்டார்க்காரர் காவடியில் சோறும் கறியும் சுமந்து வந்தார். அப்போது அவன் எனக்கு எதிரே இருந்தான். தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

மாலையில் மேசைக்குத் திரும்பி நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் தேநீரை வாங்கிக்கொண்டு என் பக்கத்து நாற்காலியை நோக்கி வந்தான். அந்த நேரம் பார்த்து, வர முடியாது என்று சொல்லியனுப்பியிருந்த தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார்.

"தொர லீவு குடுத்துட்டாரு லா! ஓடி வந்துட்டேன்!" என்றவர், காலியாக இருந்த அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். மாஸ்டர் மட்டும் சாக்கட்டியும் கையுமாகப் பலகையைப் பார்த்தபடி நின்றார். நண்பன் கோப்பையோடு பின்வாங்கினான். எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"பரவால்ல மாஸ்டர். இன்னொரு நாற்காலி போடுங்க. ராத்திரியும் ஒரு தடவ ஒக்காந்துட்டா எட்டுப் பேருக்கும் சரியா வந்துரும்" என்றேன்.

"அது எப்படிப்பா வரும்?"

கேட்டது அவன்தான். தப்பான கணக்கைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அவனால் எந்நாளும் முடியாது.

"ஒருத்தனுக்கு மத்தவங்க ஏழு பேரு. ஒரு தடவைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு. ஏழ ரெண்டு ரெண்டாப் பிரிப்பியா நீ? மூணு பந்திக்கு ஆறு பேரு, ஒரு ஆளு மிச்சம். நாலாவது பந்தி போட்டா யாரோ ஒருத்தர் பக்கத்துல ரெண்டு வாட்டி ஒக்காரணும்."

நான் பிழையாகச் சொன்னது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"சரிதான். அந்த மிச்சமான ஆள என்ன பண்றது?" என்று கேட்டேன்.

அவன் தேநீரை ஒரு வாய் குடித்தான். "வீட்டுக்குக் கூப்ட்டு சோறு போட வேண்டியதுதான். செவ்வாக்கெழம வா. புதன்கெழம நான் கெளம்பிருவேன்."

"அப்ப நான் எந்திரிக்கணுமா, வேணாமா?" என்றார் தோட்டத்து வாத்தியார்.

"ஒக்காருங்கண்ணே. கணக்குத்தான் போச்சு, டீயாவது குடிங்க" என்றார் மாஸ்டர்.

செவ்வாய்க்கிழமை போனேன். சாமான்களை மூட்டை கட்டிவிட்டதால் உட்கார நாற்காலி இல்லை. பாயில்தான் சாப்பிட்டோம். அவன் மனைவியை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "கல்யாணத்துக்கு வராதவங்க இவங்கதானா?" என்று அவனிடம் கேட்டார்.

"இவனேதான். நல்லா ஊத்து" என்றான்.