துரைசாணிக்குத் தெரியாத ஆள்

மாமாவின் மணிக்கட்டை ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் பிடித்துத் திருகிய அந்தக் கணம் என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. அதனால்தான் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவைச் சுற்றிப் பார்க்க யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை. ஏரியும் குதிரைப் பந்தயமும் பூக்களும் துரைமார் விட்டுப்போன அழகு என்று அங்கே போய்வந்தவர்கள் சொல்லும்போது என் வாய் கசக்கும். அந்த அழகில் துரைமார் கை பட்டது எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

மாமா என் அம்மாவின் தம்பி. டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பெரிய பங்களாவில் பதினோரு வருடம் பூந்தோட்ட வேலை பார்த்தார். அவர் வளர்த்ததில் பேர்போனவை டேலியாப் பூக்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். பூக்காலம் முடிந்து செடி காய்ந்ததும் கிழங்குகளைத் தோண்டியெடுத்துக் கொட்டகையில் மணல் போட்டு வரிசையாக அடுக்குவார். எது கறுஞ்சிவப்பு, எது வெள்ளை என்பதெல்லாம் அவர் மனசுக்குள்தான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் துரையின் மனைவி, துரைசாணி, அந்தப் பூக்களை மோட்டார் காரில் நுவரெலியா மலர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசோடு திரும்புவாள். மாமா காரில் பூக்களை ஏற்றிவிட்டு, கார் வளைவில் மறையும்வரை நின்று பார்ப்பார். நுவரெலியாவை அவர் பார்த்ததே இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஹட்டனில் படித்து முடித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். நாடு சுதந்திரம் அடைந்து, அந்தச் சூட்டோடு எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வாக்குரிமை இல்லையென்று ஆக்கிய காலம். அந்த வருடம் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாப்பா, உனக்கு இங்கிலீசு தெரியுமே. நம்ம பூவ அங்க எப்படி வச்சிருக்காங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோமா?"

ஹட்டனில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போனோம். மாமா கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார், கல்யாணத்துக்குத் தைத்தது. செங்கல் நிறத் தபால் கந்தோர்க் கட்டடத்தைப் பார்த்து, "இதுவும் பங்களாவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நான் சிரித்தது அதோடு சரி.

கண்காட்சிக் கூடாரத்துக்குள் எங்கள் பூக்கள் நடு மேசையில் இருந்தன. முன்னால் ஓர் அட்டை.

"என்னா எழுதியிருக்கு?"

"தொரசாணி பேரு மாமா. முதல் பரிசுன்னு போட்டிருக்கு."

"பேரு கெடக்கட்டும். கழுத்த தொங்கப் போட்டிருக்கு பாரு. யாரும் தண்ணி ஊத்தலயா?"

மேசைக்கு அடியில் ஒரு கூஜா இருந்தது. யாரிடமும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பதினோரு வருடமாக அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவர் யாரிடமும் கேட்டதில்லையே. குனிந்து கூஜாவை எடுத்தார். அப்போதுதான் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். கூஜா விழுந்து உடைந்தது. திருடன் என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

ஐந்தடி தள்ளித் துரைசாணி தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். மாமாவுக்கு அவளைக் கண்டதும் உயிர் வந்தது. பிடிபடாத கையால் கும்பிடு போட்டார்.

"தொரசாணி அம்மா, நாந்தாங்க. பூவுக்குத் தண்ணி இல்லீங்க."

இந்த ஆளைத் தெரியுமா என்று கோட்டுக்காரர் கேட்டார். அவள் மாமாவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சிநேகிதியைப் பார்த்தாள்.

"தெரியாது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "தோட்டத்து ஆட்கள் இப்படித்தான் எங்கேயாவது புகுந்துவிடுவார்கள்."

தினமும் காலையில் அவள் கையில் பூக்கொத்துக் கொடுத்த ஆள் அவர். இதை வளர்த்தவரே இவர்தான் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது. வாக்கியம்கூட வாய்க்குள் வந்துவிட்டது. சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். துரைசாணிமீது எனக்கு எவ்வளவு ஆத்திரமோ, அதில் குறையாத ஆத்திரம் அன்று ஊமையாக நின்ற என்மீதும் உண்டு.

இரண்டு பேர் மாமாவை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். வெளியே வந்து நான் அழுதேன். மாமா கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அழுவாத பாப்பா. வந்தது வந்துட்டோம், ஏரியப் பாத்துட்டுப் போவோம்."

பார்த்தோம். ஏரியைச் சுற்றி நடந்தோம். குதிரைகள் ஓடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.  திரும்பும் ரயிலில், "கடைசிவரைக்கும் தண்ணி ஊத்தவே இல்ல பாத்தியா," என்றார்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், தன்னைத் தேயிலை மலை வேலைக்குப் போடும்படி மாமா, வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையாவிடம் கேட்டார். கண்டாக்கையா சிரித்தார். பங்களா நிழலை விட்டு யாராவது வெயிலுக்கு வருவார்களா என்றார். மாமா நகரவில்லை. அந்த வாரமே பங்களாவுக்குப் பின்னால் இருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயதில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டப் பழகினார். உள்ளங்கை கொப்பளித்துப் புண்ணானது. அத்தை மஞ்சள் பூசிக்கொண்டே திட்டினார். மாமா மற்றக் கையையும் நீட்டினார்.

பங்களாவுக்குப் புதிதாக வந்தவருக்கு அந்த வருடத்துக் கிழங்குகளை மணலில் அடுக்கத் தெரியவில்லை. கொட்டகை ஒழுகிப் பாதி அழுகிவிட்டது. மீதி ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நடும் காலம் நெருங்கியதும், மாமாவும் ஆட்களும் வெட்டிக்கொண்டிருந்த மலைக்கே துரைசாணி ஏறி வந்தாள், கூடவே கண்டாக்கையா. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. மாமாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்த நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அவள் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தனை ஆட்களுக்கு நடுவில் நேராக அவர் முன்னால் வந்து நின்று, அப்பா பெயரையும் சேர்த்து, பிசகில்லாமல் கூப்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி வந்துவிடு, கிழங்குகளைப் பிரித்துக் கொடு என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

மாமா நிமிர்ந்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"வேற யாரையோ தேடி வந்துட்டீங்க அம்மா. நான் கவ்வாத்து ஆளுங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த செடியை வெட்டத் தொடங்கினார். வரிசையில் மற்றவர்களும் வெட்டத் தொடங்கினார்கள்.  துரைசாணி மலையிலிருந்து இறங்கிப் போனாள்.

இதைக் கேட்பவர்கள் மாமாவின் ரோசத்தை மெச்சுகிறார்கள். அதற்கு அவர் கொடுத்ததைக் கேட்பதில்லை. அன்று முதல் அவருக்கு எப்போதும் செங்குத்து மலைதான் கிடைத்தது. நாலு வருடத்தில் முழங்கால் போனது. பிறகு கோலூன்றித்தான் நடந்தார். தன் கையால் ஒரு பூச்செடிகூட அவர் மறுபடி நடவில்லை. லயத்து வாசலில் அத்தை வைத்த செவ்வந்தி வாடிக் கிடந்தபோதும், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.