முட்டத் தெரியாத காளை

"இந்தப் பயலுக்கு இம்புட்டுக் கோவம் எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று அன்று என் அண்ணனைப் பார்த்து ஊரே கேட்டது. எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

எங்கள் வீட்டு ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கோபம் பழக்குவது சித்தப்பாவின் வேலை. அப்பா சிங்கப்பூரில் இருந்ததால் அண்ணனை வளர்ப்பதும் அவர் வேலையாயிற்று. காளையின் முகத்துக்கு நேரே சாக்கை ஆட்டுவார், விலாவில் குச்சியால் குத்துவார், அது சீறி மண்மேட்டைக் குத்தினால் பருத்திக்கொட்டை வைப்பார். பத்தாவது படித்த அண்ணன் பள்ளியில் அடி வாங்கி வந்தால், "திருப்பிக் குடுக்காமயா வந்த? இரு, வளையல் வாங்கித் தாரேன்" என்பார். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால் பெல்ட். எது சரியென்று அவனுக்கும் தெரியவில்லை, காளைக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வைக்கோல் போருக்குப் பின்னால் இருவரும் நிற்பார்கள். அவன் அதன் கழுத்தைத் தடவுவான். அது கண்ணை மூடிக்கொள்ளும்.

மாசியில் அன்னவாசல் பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டு. நான் லாரி மேல் உட்கார்ந்திருந்தேன். வாடிவாசலைவிட்டு வெளியே வந்த எங்கள் காளை, கூட்டத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு தடுப்புக்கு அப்பால் நின்ற அண்ணனிடம் நேராகப் போய்க் கழுத்தை நீட்டியது.

"மாப்ளே, சொம்பு கொண்டாங்க, பால் கறந்துருவோம்" என்றான் ஒருவன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சித்தப்பா பெல்ட்டைக் கழற்றினார். "தடவித் தடவியே மாட்டக் கெடுத்துப்புட்டியேடா." ஊர் பார்க்க அண்ணன் வாங்கினான், வாங்கினான், வாங்கிக்கொண்டே இருந்தான். தடுக்க ஒரு கை நீளவில்லை. கடைசியில் கீழே கிடந்த மூங்கில் கழியை எடுத்து ஒரே வீச்சு. சித்தப்பாவின் மணிக்கட்டு முறிந்தது.

அப்போதுதான் அத்தனை கைகளும் நீண்டன, அண்ணனைப் பிடிக்க. சினிமா என்றார்கள், சேர்க்கை என்றார்கள், விடலை வயசு என்றார்கள். பெல்ட் என்று ஒரு வாய் சொல்லவில்லை. பரீட்சை எழுதவிடாமல் அவனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏற்றினார்கள். "காளைய வித்துறாதீங்கம்மா" என்றான் அம்மாவிடம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சித்தப்பா, கட்டுப்போட்ட கையோடு, என் ஐந்து வயதுத் தம்பியைக் காளைக்கு முன்னால் நிறுத்திச் சாக்கை ஆட்டச் சொன்னார். அவன் அழுதான். "ஆம்பளப் புள்ள அழுவியாடா?" என்று தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. அழுகையை விழுங்கிக்கொண்டு அவன் சாக்கை ஆட்டத் தொடங்கினான். சித்தப்பா அவன் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டார்.

எனக்கும் ஒரு மிட்டாய் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே பழக்கப்படுவது காளைதான் என்று நினைத்திருந்தேன்.